கறுப்புக் கல்லும் கூத்தப்பிரானும்



க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகிச் சில நாட்களின் பின் ஒரு மாலைப் பொழுதில், தந்தையார் ஒருவர் தமது மகனையும் அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையன் கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் 'ஏ' சித்தி பெற்றிருந்தான். சித்திரத்திலும் 'ஏ'. "மாஸ்டர், நீங்கள் சொன்னால் இவன் கேட்பான். படம் கீறுறதை விட்டிட்டு ஒழுங்காய் கணிதத்தைப் படிக்கச் சொல்லுங்கோ" என்றார் தந்தையார். பையன் வாய் திறக்கவில்லை. நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இப்படி ஒரு வேண்டுகோள் எனக்குப் புதிதல்ல. ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு மாணவனுக்கு, இதே கேள்விக்கு, ஒரு நிமிடமும் யோசியாமல் பதில் சொல்லியிருக்கிறேன். "தம்பி, படம் கீறி வயிறு நிறையாது. அதை மூட்டை கட்டி வை" என்றேன். அவன் கெட்டிக்காரன், சொன்னபடி செய்தான், இன்று பொறியியலாளன். அண்மையில் ஒரு கலியாண வீட்டிலே அவனைக் கண்டு, "இப்போதும் கீறுகிறாயா?" என்று கேட்டேன். "இல்லை சேர், இப்ப கை வராது" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் என்னைக் குறை கூறவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

ஆகவே இம்முறை அவசரப்படாது ஒரு வாரத் தவணை கேட்டுக்கொண்டேன். அந்த ஒரு வாரமும் என் மனத்திலே நின்றவர் ஒருவர். விஞ்ஞானியாகத் தொடங்கிக் கலையின் உரையாசிரியராக முடிந்தவர். கொழும்பிலே பிறந்து அமெரிக்காவிலே மறைந்தவர். கலாயோகி என்று நம்மவர்கள் போற்றும் ஆனந்த குமாரசுவாமி. அவரைப் பற்றிய சில சிந்தனைகளையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆனந்த குமாரசுவாமி 1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, அரிச்சந்திரன் கதையை நாடகமாகவும், பாளி மொழியிலுள்ள சுத்த நிபாதத்தை மொழிபெயர்ப்பாகவும் ஆங்கிலத்தில் தந்த அறிஞர். சேர் பொன்னம்பலம் அருணாசலத்துக்கு இவர் தாய்மாமன். தாயார் எலிசபெத் கிளே பீபி ஓர் ஆங்கில மாது. பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்புவதற்கு முன்னரே, 1879இல், தந்தையார் காலமானார். தாயாரோடு இங்கிலாந்திலே வளர்ந்த குமாரசுவாமி, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் பயின்று 1900ஆம் ஆண்டு புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் பட்டம் பெற்றார். 1903இல் இலங்கையின் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்துக்கு முதற் பணிப்பாளராக வந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. இங்கு செய்த ஆய்வுகளுக்காக 1906இல் இலண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது.

சப்பிரகமுவ மாகாணத்திலே பலாங்கொடைப் பகுதியில் இரத்தினக்கல் தோண்டுவோர், ஆற்று மணலை அரித்தெடுக்கும்போது கூடையின் அடியிலே கறுப்பான, பாரமான, சிறு சதுர மணிகள் தங்குவதுண்டு. மணிக்கல் தேடுபவனுக்கு அது வெறும் கழிவு. குமாரசுவாமி அதனை எடுத்து ஆராய்ந்தார். யுரேனியம் கலந்த, முன்னரே அறியப்பட்ட ஒரு கனிப்பொருள் என்றுதான் முதலில் எண்ணினார். இலண்டனிலே நடைபெற்ற பகுப்பாய்வு, அதிலே பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்றும், உலகம் அதுவரை அறியாத புதிய கனிப்பொருள் அது என்றும் காட்டியது. 1904இல் அது தோரியனைற்று என்று பெயர் பெற்றது.

இந்தத் தோரியம் எங்கோ ஆய்வுகூடத்தில் மட்டும் உள்ள பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். என் வயதொத்த யாழ்ப்பாணத்தவர்கள் அதன் வெளிச்சத்திலே கூத்துப் பார்த்தவர்கள். மின்சாரம் இல்லாத 1990களிலே, போத்தல் விளக்கின் கீழிருந்து நாங்கள் படித்தோம். அரிதாகக் கிடைத்த மண்ணெண்ணெயிலே, கோயில் வீதியில் ஒரு பெற்றோமக்ஸ் எரிந்தால் அன்று திருவிழாதான். அந்த விளக்கின் நடுவே தொங்கும் மென்டில் என்னும் வலைப்பையை நினைத்துப் பாருங்கள். புதிதாகக் கட்டியவுடன் அது வெறும் நூற்பை. முதல் நெருப்பிலே நூல் எரிந்துபோக, எஞ்சி நிற்பது சாம்பற்கூடு. விரல் பட்டால் உதிர்ந்துவிடும் அந்தக் கூடுதான் கண்ணைப் பறிக்கும் வெள்ளொளியைத் தருகிறது. அக்காலத்து மென்டிலில் அந்தக் கூட்டின் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தோரியம் ஒட்சைட்டு. மிகுதி ஒரு பங்கு சீரியம் ஒட்சைட்டு. குமாரசுவாமியின் கறுப்புக் கல்லின் சாரமும் இதே பொருள்தான். மென்டில் விளக்குகள் உலகெங்கும் பரவிய காலத்திலே அந்தக் கல் கிடைத்தமையால் அதற்கு உடனே மதிப்பும் ஏற்பட்டது.

அக்கல்லுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1904இல் இலண்டனுக்குப் படிக்கச் சென்ற ஓட்டோ ஹான் என்ற ஜெர்மானிய இளைஞரிடம், பேராசிரியர் வில்லியம் றாம்சே, இலங்கைத் தோரியனைற்றிலிருந்து எடுத்த உப்பைக் கொடுத்து, அதிலுள்ள ரேடியத்தைப் பிரித்தெடுக்குமாறு பணித்தார். அதைச் செய்யப் புகுந்த ஹான், அதிலே கதிர்வீசும் புதியதொரு பொருளைக் கண்டார். ரேடியோதோரியம் என்று அழைக்கப்பட்ட அந்தக் கண்டுபிடிப்பு 1905இல் வெளியானது. அதன்பின் கதிர்த்தொழிற்பாட்டு ஆய்வையே தம் வாழ்வாகக் கொண்ட அதே ஹான்தான், 1938இல் ஸ்ட்ராஸ்மானுடன் சேர்ந்து யுரேனியத்தின் அணுக்கரு பிளவுபடுவதைக் கண்டார். 1945இல் அந்த அறிவு இரண்டு நகரங்களைச் சாம்பலாக்கியது. சப்பிரகமுவக் கூடையொன்றின் அடியிலே கிடந்த கறுப்பு மணி அந்த நெடும் பாதையின் ஓரத்திலே ஓர் அடையாளக் கல்லாக நிற்கின்றது.

கோயில் வீதியிலே வெளிச்சம் தந்த பொருளும் நகரங்களை எரித்த அறிவும் ஒரே குடும்பத்தவை. பொருள் தன் பயனைத் தானே தீர்மானிப்பதில்லை, தீர்மானிப்பவன் மனிதன். அந்த மனிதனை எது உருவாக்குகின்றது என்ற கேள்வியே குமாரசுவாமியைக் கல்லிலிருந்து கலைக்கு அழைத்துச் சென்றது என்று நான் கருதுகின்றேன்.

கனிப்பொருள் தேடுவோர் காரியாலயத்தில் இருந்து வேலை செய்ய முடியாது. குமாரசுவாமி ஊர் ஊராகத் திரிந்தார். அவருடைய மனைவி எதெல் புகைப்படக் கருவியோடு உடன் சென்றார். இந்த அம்மையார் பின்னாளில் எதெல் மெய்றே என்ற பெயரில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கைத்தறிக் கலைஞராக விளங்கினார். கல்லைத் தேடிப் போன இருவரும் வழியிலே மனிதர்களைக் கண்டார்கள். கண்டிக் கிராமங்களிலே பித்தளை வேலை செய்வோர், பாய் இழைப்போர், யானைத் தந்தம் செதுக்குவோர், விகாரைச் சுவரிலே ஓவியம் தீட்டுவோர். இவர்களுடைய கையிலே பரம்பரையாக இருந்த தொழில், இறக்குமதிச் சாமானின் முன்னே செத்துக்கொண்டிருந்தது. படித்த வகுப்பினரோ ஐரோப்பிய உடையையும் நடையையும் பிரதிசெய்வதைப் பெருமையாக எண்ணினர். 'இரவல் இறகுகள்' எனப் பொருள்படும் தலைப்பிலே 1905இல் அவர் ஒரு சிறு பிரசுரம் வெளியிட்டதும், அதே ஆண்டில் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைப்பதில் முன்னின்றதும் இந்த மனவருத்தத்தின் விளைவுகளே.

1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் அவருடைய பெருநூல் இந்தப் பயணங்களின் அறுவடை. அச்சிடப்பட்டவை 425 பிரதிகளே. கைவினையைப் போற்றும் நூல் கையாலேயே அச்சாக வேண்டும் என்று கருதி, வில்லியம் மொறிஸ் தமது கெல்ம்ஸ்கொட் அச்சகத்திலே பயன்படுத்திய அச்சியந்திரத்தில், தம் வீட்டிலேயே தமது மேற்பார்வையில் அதனை அச்சிடுவித்தார். கனிப்பொருளைப் பார்த்த கண்தான் அந்நூலிலும் பார்க்கின்றது என்பதை நாம் மனங்கொள்ள வேண்டும். இது அழகு, அது அழகு என்று வியந்துவிட்டுப் போகாமல், எந்தக் கருவி, எந்த வர்ணம், எந்த அளவுப் பிரமாணம், கலைஞனுக்குச் சமூகத்தில் என்ன இடம், என்ன கூலி என்று ஒவ்வொன்றாக விசாரிக்கின்றது. புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை அவர் அதிலே பதிவு செய்திருக்கிறார். சிலையை நேர் நோக்காது, கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்த்தே கலைஞன் கண்ணை எழுதுகிறான். நமது கோயில்களிலும் கண் திறத்தல் உண்டு என்பதை நேயர்கள் அறிவீர்கள். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த மைக்கேல் ஒண்டாச்சியின் 'அனில்ஸ் கோஸ்ட்' நாவலிலே இச்சடங்கு முக்கிய இடம் பெறுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர மாணவர்களோடு கண்டிப் பக்கம் கல்விச் சுற்றுலா சென்றேன். கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று தலங்களையும் ஒரே நாளிற் பார்த்தோம். கடலாதெனிய விகாரை 1344ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதனை அமைத்த சிற்பியின் பெயர் கணேஸ்வராச்சாரி என்று கல்வெட்டுக் கூறுகின்றது. லங்காதிலகக் கற்பாறையிலே சிங்களத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. எம்பெக்கே நம் கந்தப்பெருமானுக்கு, அங்கு கதிர்காம தெய்வத்துக்கு, உரிய ஆலயம். அதன் மண்டபத் தூண்களில் மல்லர்களும், அன்னங்களும், இருதலைப் பறவையும், பாலூட்டும் தாயும் மரத்திலே உயிர் பெற்று நிற்கின்றனர்.

மாணவர்கள் அங்கே தாமாகவே இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டனர். கலைப் பிரிவினர் தூண்களைச் சுற்றி நின்றனர். கணிதப் பிரிவினருக்கு அது சலித்துவிட்டது; ஒருவன் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். பார்த்தவன் மற்றவர்களைக் கூப்பிட்டான். மண்டபக் கூரையின் ஒரு முனையிலே 26 கைமரங்கள் விசிறி போல வந்து கூடுகின்றன. அத்தனையையும் ஒரே ஒரு பெரிய மர ஆப்பு கௌவிப் பிடித்திருக்கின்றது. பாரம் எப்படிப் பகிரப்படுகின்றது என்று கணித மாணவர்கள் விவாதிக்கத் தொடங்கினர். சத்தம் கேட்டுக் கலைப் பிரிவினரும் வந்தனர். அவர்கள் கண்டது வேறு. அந்த ஆப்பிலும் செதுக்கு வேலை இருக்கின்றது. நிலத்தில் நிற்பவர் கண்ணுக்கு எளிதில் எட்டாத இடத்திலுள்ள ஒரு துண்டு மரத்தை அந்தத் தச்சன் ஏன் அலங்கரித்தான்? பாரத்தைக் கணித்தவனும் பூவைச் செதுக்கியவனும் ஒரே கையுடையவன் என்பதே விடை. அந்தத் தச்சனிடம் போய், நீ விஞ்ஞானப் பிரிவா, கலைப் பிரிவா என்று கேட்டால் அவனுக்குக் கேள்வியே விளங்கியிராது. கலை என்பது சிலருக்கு மட்டும் உரிய விசேட குணமன்று. எந்தத் தொழிலையும் செம்மையாகச் செய்யும் முறையே கலை என்று குமாரசுவாமி வாழ்நாள் முழுவதும் வற்புறுத்தியதன் பொருள் எனக்கு அந்த மண்டபத்திலேதான் சரியாக விளங்கியது.

இனி அவருடைய மிகப் புகழ்பெற்ற கட்டுரைக்கு வருவோம். 'சிவ நடனம்' பற்றிய அக்கட்டுரை முதலில் 1912இல் 'சித்தாந்த தீபிகை' சஞ்சிகையில் வெளிவந்தது. 1918இல் நியூயோர்க்கில் நூலாகிய கட்டுரைத் தொகுதிக்கும் அதுவே தலைப்பாயிற்று. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், 1907இலும் 1908இலும், பொலன்னறுவையிலே நடராஜர் முதலிய செப்புத் திருமேனிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருந்தன. கொழும்பு நூதனசாலையிலுள்ள இத்தகைய படிமங்களைப் பற்றி 1914இல் குமாரசுவாமி தனி நூலே எழுதினார்.

இத்திருமேனிகள் பிறக்கும் முறையே ஒரு விஞ்ஞானம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் உருவம் செய்வர். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணையும், பின்னர் பருமண்ணையும் பூசி நிழலிலே உலர்த்துவர். சூடேற்ற, மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே எஞ்சும் வெறுமையிலே உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்தால் திருமேனி. மெழுகும் போயிற்று, அச்சும் உடைந்தது. ஆகையால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. உலோகத்தின் உருகுநிலையும் மண்ணின் தன்மையும் அறியாதவன் இதனைச் செய்யமுடியாது. தியான சுலோகம் அறியாதவனும் செய்யமுடியாது.

மேல்நாட்டார் பலர் பல கைகளையுடைய இத்தகைய உருவங்களை விகாரமென இகழ்ந்த காலம் அது. குமாரசுவாமி, உண்மை விளக்கம், திருமந்திரம் முதலிய நமது தமிழ் நூல்களைக் கொண்டே, உடுக்கை படைப்பு, அபய கரம் காத்தல், தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல் என்ற ஐந்தொழிலை உலகுக்கு விளக்கினார். நம் வீட்டுப் பிள்ளைகள் தேவாரத்தோடு கேட்டு வளர்ந்த செய்திதான். ஆனால் அதனை உலகின் கலை மொழியிலே எடுத்துச் சொல்ல ஒருவர் தேவைப்பட்டார்.

2004ஆம் ஆண்டில், சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகேயுள்ள சேர்ன் என்னும் அணுத்துகள் ஆய்வு நிலையத்திலே, இந்திய அரசு அன்பளிப்புச் செய்த இரண்டு மீற்றர் உயர நடராஜர் சிலை நிறுவப்பட்டது. அதனருகிலுள்ள பலகையிலே ஆனந்த குமாரசுவாமியின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றது. கதிர்வீசும் கல்லோடு தொடங்கியவரின் பெயர், நூறாண்டு கழித்து, அணுவின் உட்பகுதியை ஆராயும் நிலையத்தின் முற்றத்திலே, கூத்தப்பிரானின் அருகிலே இருக்கிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பௌதிகவியல் கண்டதையெல்லாம் நம் முன்னோர் சிலையிலே சொல்லிவிட்டார்கள் என்று மேடைகளிலே முழங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது விஞ்ஞானத்துக்கும் நீதியன்று, சமயத்துக்கும் பெருமையன்று. அணுத்துகளின் இயக்கம் கருவியாலும் கணிதத்தாலும் நிரூபிக்கப்படுவது. ஐந்தொழில் அனுபவத்தாலும் அருளாலும் உணரப்படுவது. ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சி சொல்லத் தேவையில்லை. இரண்டின் முன்னும் மனிதன் அடக்கத்தோடு நிற்கலாம் என்பதே அந்தச் சிலை அங்கு நிற்பதன் பொருள் என்று கொள்வது போதுமானது.

குமாரசுவாமியைக் கண்மூடி வழிபடுவதும் தவறு. பழைய கைவினைச் சமூகத்தை அவர் மிகவும் அழகாகக் கண்டார். பிறப்பினாலே தொழிலைக் கட்டிவைத்த அந்த அமைப்பின் கீழே நசுங்கியவர்களின் குரல் அவருடைய எழுத்திலே போதிய அளவு கேட்பதில்லை. அவருக்குத் தந்தையார் வைத்துச் சென்ற செல்வமும் இருந்தது. அத்தகைய வசதி படைத்தவருக்கே வாழ்க்கை எளிதாக அமையவில்லை. தாம் சேகரித்த இந்திய ஓவியங்களை, காசியிலே ஒரு தேசிய கலைக்கூடம் அமைத்தால் கொடுத்துவிடுகிறேன் என்று முன்வந்தார், பணம் சேரவில்லை. 1917இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலை அந்தச் சேகரிப்பையும் ஏற்று அவருக்குப் பதவியும் அளித்தது. 1947ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி மறையும்வரை அங்கேயே பணிபுரிந்தார். நாம் வைத்துக்கொள்ளத் தவறியதை வேற்று நாடு வைத்துக்கொண்டது.

ஒரு வாரம் கழித்துத் தந்தையும் மகனும் வந்தார்கள். தந்தையாரின் பயம் பொய்யன்று. அவர் நாட்கூலியிலே பிள்ளையைப் படிக்க வைப்பவர். அவரிடம் குமாரசுவாமியின் கதையைச் சொல்லி, உங்கள் மகனும் அப்படி ஆவான் என்று ஆசை காட்ட எனக்கு உரிமையில்லை. ஆகவே பையனிடமே கதையைச் சொன்னேன். கல், விளக்கு, கைமரம், சிலை எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அப்ப அவர் கல்லை விட்டிட்டாரா சேர்?"

உத்தியோகத்தை விட்டார்; கல்லைப் பார்த்த கண்ணை விடவில்லை என்றேன். பிறகு தந்தையாரிடம், "எந்தப் பிரிவைப் படிப்பது என்பதை அவன் தீர்மானிக்கட்டும். கணிதத்தை எடுத்தால் கீறுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். சித்திரத்தை எடுத்தால் கணிதம் வீணாயிற்று என்று ஏசாதீர்கள். இது ஒன்றுதான் நான் கேட்பது" என்றேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தைகள் அவை.

பையன் கணிதப் பிரிவிலேயே சேர்ந்தான். சென்ற மாதம் பாடசாலையில் என்னைத் தேடி வந்து ஒரு படத்தைக் காட்டினான். அவர்களுடைய வீட்டுக் கூரையின் உட்புறம். புகை படிந்த கைமரங்களையும் சிலாகைகளையும் ஓடுகளின் வெடிப்பினூடே விழும் வெயிலையும் பென்சிலால் கீறியிருந்தான். "ஐயா எண்ணிப் பார்த்தவர் சேர். ஒரு கைமரமும் குறையேல்லையாம்" என்றான்.